எல்லாருக்கும் பங்கு வரும் எண்: 720,720

வன்னியில் சிறுபோகம் என்றாலே முதலில் வருவது பங்கு பிரிக்கும் கதைதான். காலபோகத்துக்கு மழை இருக்கிறது, துணிந்து விதைக்கலாம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரை நம்பித்தான் இறங்கவேண்டும். இரணைமடுவோ, முத்தையன்கட்டோ, வவுனிக்குளமோ, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இந்தமுறை இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். பிறகு அந்த ஏக்கரை ஆளுக்கு எவ்வளவு என்று பிரிக்கவேண்டும். கணக்குப் பார்க்கிறவருக்குத் தலையிடி தொடங்கும் இடம் அது. கையில் இருக்கும் எண் பெரிதா சிறிதா என்பதைவிட, மீதி விழாமல் பிரிபடுமா என்பதுதான் அவருடைய கவலை.

எண்களைப் படிக்கிறவர்களுக்கும் அதே கவலைதான். ஒரு பெரிய எண்ணைக் கண்டால் நாம் அதன் நீளத்தைப் பார்த்து மலைப்போம். கணிதம் தெரிந்தவர் அதை எவையெவை மீதியில்லாமல் வகுக்கின்றன என்று பார்ப்பார். முதன்மை எண், சேர்த்தி எண், நிறைவு எண், மிகை எண் என்று எண்களுக்கு வைத்திருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியின் பதிலில் இருந்தே பிறந்தவை. இங்கே ஒரேயொரு எண்ணை எடுத்து அதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கப்போகிறோம். அது 720,720. வாயால் சொன்னால் ஏழு இலட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கும் ஒரு கல்குலேற்றரும் இருந்தால் போதும்.

எவ்வளவு பெரிய எண் என்று ஒரு பிடி வேண்டுமானால், ஒரு விநாடிக்கு ஒன்றாக 1, 2, 3 என்று எண்ணிப்போனால் 720,720 ஐத் தொட 8 நாளும் 8 மணித்தியாலமும் 12 நிமிடமும் எடுக்கும். நித்திரை, சாப்பாடு எதுவும் இல்லாமல். மிச்சமாக ஒரு விநாடிகூட இல்லை, சரியாக அவ்வளவு.

பதினாறு பேர் வரைக்கும்

ஓர் ஊரின் கமக்காரர் அமைப்பிடம் 720,720 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருகிற குடும்பங்களுக்கு அதைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். எத்தனை குடும்பம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. இரண்டு குடும்பம் வந்தால் ஆளுக்கு 360,360. மூன்று வந்தால் 240,240. நான்குக்கு 180,180, ஐந்துக்கு 144,144, ஆறுக்கு 120,120. ஏழு குடும்பம் வந்தால்? வழக்கமாக ஏழுதான் காலை வாரும் எண். இங்கே அதற்கும் 102,960 என்று மட்டமாக வருகிறது. எட்டுக்கு 90,090. ஒன்பதுக்கு 80,080. பத்துக்கு 72,072. பதினொன்றுக்கு 65,520. பன்னிரண்டுக்கு 60,060. பதின்மூன்றுக்கு 55,440. பதினான்குக்கு 51,480. பதினைந்துக்கு 48,048. பதினாறுக்கு 45,045. ஒரு சதம் மிஞ்சவில்லை.

இதற்குப் பக்கத்தில் ஒரு "நல்ல" எண்ணை வைத்துப் பாருங்கள். 700,000 பார்வைக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. ஆனால் மூன்று பேருக்குப் பிரித்தால் 1 மிஞ்சும், ஒன்பது பேருக்கு 7, பதினொரு பேருக்கு 4, பதின்மூன்று பேருக்கு 2 மிஞ்சும். முடிவில் பூச்சியங்கள் நிறைய இருப்பதால் ஓர் எண் பங்கு பிரிக்க வசதியானது என்று நினைக்கிறோம். பூச்சியம் காட்டுவது 2 ஆலும் 5 ஆலும் வகுபடும் என்பதை மட்டுந்தான். 3, 7, 11, 13 பற்றி அது ஒன்றும் சொல்லாது.

1 இலிருந்து 16 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடுகிற எண்களில் மிகச் சிறியது 720,720. பள்ளிக்கூடத்தில் பொது மடங்குகளுட் சிறியது என்று படித்தோமே, பொ.ம.சி., அதுதான். 1 முதல் 16 வரையான எண்களின் பொ.ம.சி. இது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருக்கினாலும் எல்லாவற்றாலும் வகுபடும் எண் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பெருக்கம் 20,922,789,888,000. அவ்வளவு பெரியது தேவையில்லை. எதைச் சேர்க்கவேண்டும், எது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினால் எண் சிறிதாகவே நிற்கும்.

கட்டிப் பார்ப்போம். 1 இல் தொடங்குகிறோம். 2 வேண்டும், பெருக்குகிறோம்: 2. அடுத்தது 3: 6. நான்குக்கு இரண்டு 2கள் வேண்டும், நம்மிடம் ஒன்று இருக்கிறது, இன்னும் ஒன்று போதும்: 12. ஐந்தைச் சேர்த்தால் 60. ஆறுக்கு எதுவும் செலவில்லை, 2 உம் 3 உம் உள்ளேயே இருக்கின்றன. ஏழு புதியது: 420. எட்டுக்கு இன்னொரு 2: 840. ஒன்பதுக்கு இன்னொரு 3: 2,520. பத்து இலவசம். பதினொன்று: 27,720. பன்னிரண்டு இலவசம். பதின்மூன்று: 360,360. பதினான்கும் பதினைந்தும் இலவசம். பதினாறுக்கு நான்கு 2கள் வேண்டும், மூன்றுதான் இருக்கின்றன, ஒன்றைச் சேர்த்தால் 720,720. முடிந்தது.

கவனித்தால் ஒன்று தெரியும். செலவு வைத்தவை எல்லாம் முதன்மை எண்களும் அவற்றின் வலுக்களும்தான்: 2, 3, 4, 5, 7, 8, 9, 11, 13, 16. மற்றவை ஏற்கெனவே வந்தவற்றின் சேர்க்கை. முதன்மை எண் என்பது 1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், ஒன்றைவிடப் பெரிய எண் (இந்தியப் பாடநூல்களில் பகா எண்). அப்படி இல்லாதவை சேர்த்தி எண்கள். நம் எண்ணை முதன்மை எண்களாக உடைத்தால்

2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 7 × 11 × 13

என்று வரும். யார் உடைத்தாலும், எந்த ஒழுங்கில் உடைத்தாலும், இந்தப் பத்து எண்கள்தான் கையில் மிஞ்சும். எந்த முழு எண்ணுக்கும் இப்படி ஒரேயொரு உடைப்புத்தான் உண்டு என்பதற்கு ஜேர்மன் கணித மேதை காவுஸ் 1801 இல் தெளிவான நிறுவல் கொடுத்தார். இனி வரப்போகிற எல்லாமே மேலே உள்ள அந்த ஒரு வரியில் இருந்து வருகிறவை.

240 காரணிகள், ஒன்றையும் எழுதாமல்

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுப்பவை அதன் காரணிகள். 720,720 க்கு 240 காரணிகள் இருக்கின்றன. இதை ஒவ்வொன்றாக எழுதி எண்ணத் தேவையில்லை. எப்படி என்று புரிந்துவிட்டால் இதைவிடப் பெரிய எண்களுக்கும் நீங்களே செய்யலாம்.

ஒரு காரணியை உண்டாக்குவது என்றால் அந்தப் பத்து முதன்மை எண்களில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெருக்குவதுதான். எடுத்துக்காட்டாக இரண்டு 2கள், ஒரு 3, ஒரு 13 ஐ எடுத்தால் 156. எடுக்காமல் விட்டவற்றைப் பெருக்கினால் 4,620. இரண்டையும் பெருக்கினால் திரும்ப 720,720. சரி, எத்தனை விதமாகப் பொறுக்கலாம்? 2களில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எடுக்கலாம்: ஐந்து வழி. 3களில் பூச்சியம், ஒன்று, இரண்டு: மூன்று வழி. 5 ஐ எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழி. 7, 11, 13 க்கும் அப்படியே இரண்டிரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. எதையுமே எடுக்காமல் விட்டால் வரும் காரணி 1. எல்லாவற்றையும் எடுத்தால் வருவது 720,720 தானே. ஆக முறை இதுதான்: ஒவ்வொரு முதன்மை எண்ணும் எத்தனை தடவை வருகிறது என்று பார்த்து, அதோடு ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றைப் பெருக்குங்கள்.

காரணிகள் எப்போதும் சோடியாகத்தான் வரும். 156 உம் 4,620 உம் ஒரு சோடி. 240 காரணி என்றால் 120 சோடி. இதையே காணியாக நினைத்துப் பாருங்கள்: 720,720 சதுர அடி நிலம் என்பது ஏறத்தாழ பதினாறரை ஏக்கர். நீளமும் அகலமும் முழு அடிகளாக வரவேண்டும் என்றால் அதை 120 வகையான செவ்வகங்களாக அளக்கலாம். ஓர் அடி அகலமான கீலமாக வெட்டினால் அது 136½ மைல் நீளம் போகும், அண்ணளவாக 220 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட. அந்தக் கீலத்தில் யார் வரம்பு கட்டுவார் என்பது வேறு விஷயம்.

மறுபக்கத்தில், ஆகக் கூடுதலாகச் சதுரத்தை ஒத்த செவ்வகம் 840 அடிக்கு 858 அடி. முழுச் சதுரமாக ஆக்க முடியுமா? முடியாது. சதுர எண் என்றால் முதன்மை எண்கள் எல்லாம் இரட்டைத் தடவைகளில் வரவேண்டும், இங்கே 5, 7, 11, 13 ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. ஆனால் மயிரிழையில் தப்பியது என்று சொல்லலாம்: 849 × 849 = 720,801. வித்தியாசம் வெறும் 81. அந்த 81 உம் ஒரு சதுர எண், 9 × 9. ஆக 720,720 என்பது 849 இன் வர்க்கத்தில் இருந்து 9 இன் வர்க்கத்தைக் கழித்தது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்று படித்த சூத்திரத்தைப் போடுங்கள்: (849 − 9) × (849 + 9), அதாவது 840 × 858. எதற்கு இந்தச் சூத்திரம் என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இராமானுஜனின் பட்டியல்

240 காரணி என்பது அதிகமா? இந்த அளவு எண்ணுக்கு அதற்கு மேல் போகவே முடியாது. பத்து இலட்சத்துக்குக் கீழே எந்த எண்ணுக்கும் 240 ஐவிடக் கூடுதலான காரணிகள் இல்லை. 240 ஐத் தொட்டவை ஐந்து: 720,720, 831,600, 942,480, 982,800, 997,920. அவற்றில் முதலாவதாக வருவது நம்முடையது. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 240 காரணி கிடையாது. அதற்கு முந்தைய சாதனை 665,280 உடையது, 224 காரணிகள்.

இப்படித் தனக்குக் கீழே உள்ள ஒவ்வோர் எண்ணைவிடவும் கூடுதலான காரணிகள் கொண்ட எண்ணை உயர்பகு எண் என்கிறார்கள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று தொடங்கும் வரிசை அது. இந்த வகைக்கு இலக்கணம் எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். 1914 இல் கேம்பிரிட்ஜுக்குப் போனவர், அடுத்த ஆண்டு, 1915 இல், இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இவற்றைப் பற்றி நீளமான கட்டுரை எழுதினார். 1916 இல் அவருக்குக் கிடைத்த கேம்பிரிட்ஜ் பட்டத்துக்கு இந்த ஆராய்ச்சியே காரணம். எழுதியது முழுவதும் அப்போது அச்சாகவில்லை. சங்கத்துக்குப் பணமுடை. மீதிப் பகுதி 1997 இல்தான் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் உயர்பகு எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, 6,746,328,388,800 வரை போகிறது. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு. அதில் ஒரேயொரு எண் விடுபட்டுவிட்டது: 293,318,625,600. எத்தனை காரணி என்று பார்க்கவேண்டுமா? அதன் உடைப்பில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 உம் 7 உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. முன்பு சொன்ன முறைப்படி 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040.

அந்த 5,040 உம் ஓர் உயர்பகு எண்தான், 60 காரணிகள் கொண்டது. கிரேக்கத்துப் பிளேட்டோ தன் கற்பனை நகரத்துக்கு 5,040 காணிக்காரக் குடும்பங்கள் இருக்கவேண்டும் என்று சொன்னார். வரி, படை, காணி எதைப் பிரித்தாலும் 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும், 12 ஆலும் வகுபடும் என்பது அவர் சொன்ன காரணம். 11 மட்டும் ஒத்துவராது. அதற்கும் வழி வைத்திருந்தார்: இரண்டு வீட்டைக் கழித்துவிட்டால் 5,038, அது 11 ஆல் வகுபடும். கணக்குச் சரி. அந்த இரண்டு வீட்டுக்காரரிடம் யார் போய்ச் சொல்வது என்பதை அவர் விளக்கவில்லை.

இந்த எண்களின் உடைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. 720,720 இல் 2 நான்கு தடவை, 3 இரண்டு தடவை, பிறகு 5, 7, 11, 13 ஒவ்வொரு தடவை: 4, 2, 1, 1, 1, 1 என்று இறங்குவரிசை, இடையில் எந்த முதன்மை எண்ணும் விடுபடவில்லை. எல்லா உயர்பகு எண்களும் இப்படித்தான். ஏன்? 3 நான்கு தடவையும் 2 இரண்டு தடவையும் உள்ள ஓர் எண் இருக்கிறது என்று வையுங்கள். அவற்றின் இடத்தை மாற்றிப் போட்டால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது, ஆனால் எண் சிறிதாகிவிடும். சிறிய எண்ணே அத்தனை காரணி வைத்திருந்தால் பெரியதற்குச் சாதனை ஏது? இராமானுஜன் இதற்கு மேலும் போய், உயர்பகு எண்களுக்குள்ளேயே இன்னும் கடுமையான சோதனையில் தேறும் ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரித்தார். 2, 6, 12, 60, 120, 360, 2,520, 5,040, 55,440 என்று போகும் அந்த வரிசையில் பத்தாவது 720,720.

கூட்டினால் என்ன வரும்

காரணிகளை எண்ணுவது ஒரு வழி. கூட்டுவது இன்னொரு வழி, அது இதைவிடப் பழையது. ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை விட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். 6 க்கு 1 + 2 + 3 = 6, தன்னையே தருகிறது. அது நிறைவு எண். 28, 496, 8,128 என்பனவும் நிறைவு எண்கள். 8 க்கு 1 + 2 + 4 = 7, ஒன்று குறைகிறது, அது குறை எண். முதன்மை எண்கள் எல்லாம் குறை எண்கள்தான், அவற்றுக்குக் கூட்ட 1 ஐத் தவிர வேறொன்றும் இல்லை. 12 க்கு 1 + 2 + 3 + 4 + 6 = 16, தன்னைத் தாண்டுகிறது, அது மிகை எண். மிகச் சிறிய மிகை எண் 12. ஒற்றை எண்களில் மிகை எண்ணைத் தேடினால் 945 வரை காத்திருக்கவேண்டும். ஒற்றை எண்ணாக ஒரு நிறைவு எண் இருக்கிறதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

720,720 இன் 240 காரணிகளையும் கூட்டுவதற்கும் குறுக்குவழி உண்டு: (1+2+4+8+16) × (1+3+9) × (1+5) × (1+7) × (1+11) × (1+13). அதாவது 31 × 13 × 6 × 8 × 12 × 14 = 3,249,792. இந்த அடைப்புகளை விரித்துப் பெருக்கினால் ஒவ்வொரு காரணியும் ஒரு தடவை சரியாக வந்து விழும், முன்பு பொறுக்கியது போலவே. தன்னைக் கழித்தால் மிஞ்சுவது 2,529,072, அதாவது தன்னைப்போல் மூன்றரை மடங்கு. சும்மா மிகை எண் இல்லை, பெரும் மிகை.

கி.பி. 100 அளவில் வாழ்ந்த நிக்கோமாக்கசு என்பவருக்கு மிகை எண்களைப் பிடிக்காது. அளவுக்கு மிஞ்சிய வாயும் கையும் முளைத்த பிராணி மாதிரி என்று எழுதி வைத்தார். நிறைவு எண்தான் அவருக்கு அழகு. பங்கு பிரிக்கும் வேலை அவருக்கு வாய்க்கவில்லை போலும். 28 ஐ வைத்துக்கொண்டு மூன்று பேருக்குக்கூடப் பிரிக்க முடியாது.

மிகையாக இருப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்தக் காரணிகளில் வெவ்வேறானவற்றைக் கூட்டி 1 முதல் 3,249,792 வரை எந்த எண்ணையும் உண்டாக்கலாம். 17 வேண்டுமா, 16 + 1. ஆயிரம் வேண்டுமா, 990 + 10. ஒன்றும் விடுபடாது.

இரண்டு பக்கமும்

இனி ஒரு படி கீழேயும் ஒரு படி மேலேயும் பார்ப்போம்: 720,719, 720,721. எண் வரிசையில் பெரிய ஆச்சரியம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

720,721 ஐ எடுங்கள். 720,720 ஐ 2 முதல் 16 வரை எல்லாம் வகுக்கின்றன. ஒன்றைக் கூட்டிவிட்டோம். ஆகவே 720,721 ஐ 2 ஆல் வகுத்தால் மீதி 1. 3 ஆல் வகுத்தாலும் மீதி 1. 7 ஆல், 13 ஆல், 16 ஆல், எதால் வகுத்தாலும் மீதி 1. ஒரு படியில் நிலைமை தலைகீழாகிவிட்டது. எல்லாருக்கும் பங்கு கொடுத்த எண்ணுக்கு அடுத்தது, 2 முதல் 16 வரை ஒருவருக்கும் பங்கு கொடுக்காது. 720,719 உம் அப்படியே. அதில் ஒன்று குறையும், எல்லாருக்கும்.

அப்படியென்றால் இவை முதன்மை எண்கள்தானே என்று வகுப்பில் கேட்டால் பாதிக் கைகள் உயரும். அவசரப்படக்கூடாது. 16 வரை வகுபடவில்லை என்பதால் அதற்கு மேலும் வகுபடாது என்று ஆகாது. எது வரைக்கும் பார்க்கவேண்டும்? வர்க்கமூலம் வரை, அதாவது 848 வரை. ஒரு சேர்த்தி எண்ணின் இரண்டு காரணிகளும் 848 ஐவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கம் நம் எண்ணைத் தாண்டிவிடும், ஆகவே ஒன்றாவது அதற்குள் இருந்தாகவேண்டும். 848 க்குள் 146 முதன்மை எண்கள் இருக்கின்றன. 17 இலிருந்து ஒவ்வொன்றாக முயலவேண்டியதுதான்.

720,719 க்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. 17, 19, 23, 29 எல்லாம் மீதி தரும். 31 மட்டமாகப் போகும், 23,249. அதையும் உடைத்தால் 67 × 347. ஆக 720,719 = 31 × 67 × 347, மொத்தம் எட்டுக் காரணிகள். 720,721 தான் பொறுமையைச் சோதிக்கும். 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67 எல்லாம் கைவிரித்த பிறகு 71 இல் உடைகிறது: 71 × 10,151. அந்த 10,151 முதன்மை எண். நான்கே காரணிகள். 8, 240, 4 என்று அடுத்தடுத்த மூன்று எண்களின் காரணிக் கணக்கு. அளவில் ஒன்றுக்கொன்று ஒரேயொரு வித்தியாசம்.

ஒன்றைக் கூட்டினால் பழைய முதன்மை எண் எதுவும் வகுக்காது என்ற இதே உபாயத்தைத்தான் ஏறத்தாழ கி.மு. 300 இல் யூக்ளிட் பிடித்துக்கொண்டார். உங்களிடம் உள்ள எல்லா முதன்மை எண்களையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணை உங்கள் பட்டியலில் உள்ள எதுவும் வகுக்காது. ஆகவே அது தானே புதிய முதன்மை எண், இல்லாவிட்டால் 720,721 போல, பட்டியலில் இல்லாத முதன்மை எண்களால் ஆனது. எப்படியானாலும் பட்டியல் முடியவில்லை. முதன்மை எண்களுக்கு முடிவே இல்லை. 720,721 ஐ உடைக்கப் பட்ட பாட்டை நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்ணுக்குப் படவேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். இணையத்தில் காசு அனுப்பும்போது விபரங்களைப் பூட்டி வைக்கும் முறைகளில் ஒன்று அந்தச் சிரமத்தையே நம்பியிருக்கிறது.

இன்னும் சில

720 ஐ இரண்டு தடவை எழுதினால் 720720 என்று வருவது தற்செயல்போலத் தோன்றும். இதை ஒரு பகிடிக் கணக்காகச் செய்து பாருங்கள். ஏதாவது மூன்று இலக்கத்தை எடுத்து இரண்டு தடவை எழுதுங்கள், 385385 என்று வைப்போம். 7 ஆல் வகுத்தால் 55,055. அதை 11 ஆல் வகுத்தால் 5,005. அதை 13 ஆல் வகுத்தால் 385, எடுத்த எண்ணே திரும்ப வந்துவிட்டது. எந்த மூன்று இலக்கத்துக்கும் இது நடக்கும். ஏனென்றால் இரண்டு தடவை எழுதுவது என்பது 1,001 ஆல் பெருக்குவது, 1,001 = 7 × 11 × 13. நம் எண்ணில் மீதி உள்ள 720, 1 × 2 × 3 × 4 × 5 × 6. மேலே பங்கு பிரித்தபோது 360,360, 144,144, 45,045 என்று இரட்டைச் சொல்லாக வந்ததற்கும், 7, 11, 13, 14 இல் மட்டும் அந்த ஓசை கலைந்ததற்கும் காரணம் இதுதான்.

இலக்கங்களைக் கூட்டினால் 18, அந்த 18 ஆலும் எண் வகுபடும், 40,040. பாதியான 360,360 க்கு வேறொரு முகம் இருக்கிறது: 15 × 14 × 13 × 12 × 11. பதினைந்து பேர் உள்ள அமைப்பில் தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர் என்று ஐந்து பேரைத் தெரிவுசெய்ய 360,360 வழிகள் உண்டு. கூட்டம் ஏன் பொழுதுபட்டும் முடிவதில்லை என்று இனிக் கேட்காதீர்கள்.

பதினேழாவது குடும்பம் வந்தால் 720,720 கைவிடும், ஆளுக்கு 42,395 போய் 5 ரூபா மிஞ்சும். 17 முதன்மை எண், உள்ளே இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் 17 ஆல் பெருக்கியே ஆகவேண்டும்: 12,252,240. அதற்கு முன்னாலேயே, 720,720 இன் சாதனையை அடுத்து முறியடிக்கும் எண் வந்துவிடுகிறது: 1,081,080, 256 காரணிகள் கொண்டது. அதில் 2 மூன்று தடவைதான், 3 உம் மூன்று தடவை. காரணி பதினாறு கூடியது, ஆனால் ஒரு 2 போய்விட்டது. அந்தத் தொகையோடு பதினாறு குடும்பத்துக்கு முன்னால் நின்றால் ஆளுக்கு 67,567 ரூபாவும் ஐம்பது சதமும் என்று சொல்லவேண்டியிருக்கும்.